கட்சி எப்படிப் பிறந்தது?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

‘ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்பது பழமொழி. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு இரண்டுபட்டது. ஆனால் யாருக்கும் கொண்டாட்டமாக இல்லை. வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் விடுதி மாணவிகள் ஒரு பக்கமும், வீட்டிலிருந்து வருகின்ற நாங்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்தோம். நாங்கள் எண்ணிக்கையில் கூடுதல். ஆகவே எங்கள் பக்கத்துப் பெண்ணே வென்றாள். வென்ற பிறகு மகிழ்ச்சி வரவில்லை. ஆறாம் வகுப்பு முதல் என் பக்கத்தில் அமர்ந்து வந்த விடுதித் தோழி, அன்றிலிருந்து ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அப்போது எங்கள் வகுப்பு ஆசிரியையான அருட்சகோதரி, “பிள்ளைகளே, இங்கே கட்சி கட்டாதீர்கள்” என்று கண்டித்தார். நான் எழுந்து, “சிஸ்டர், கட்சி கட்டுவது தவறென்றால் நாட்டில் மட்டும் ஏன் இத்தனை கட்சிகள் இருக்கின்றன?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நல்ல கேள்வி. நீயே நூலகத்தில் தேடிப் படி. விடை கிடைத்தால் ஆண்டு மலருக்கு எழுது” என்றார். அப்படித் தேடியதில் நான் அறிந்தவற்றையே இக்கட்டுரையில் தருகிறேன்.

குடத்தில் கட்சி இல்லை

சோழர் தலைநகராகிய கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் தா.பழூருக்கு அருகில்தான் இருக்கிறது. சோழர் காலத்தில் ஊராட்சி எப்படி நடந்தது என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. அவை முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். ஒரு சிறுவன் கையை விட்டு ஓலையை எடுப்பான். யார் பெயர் வந்ததோ அவரே வாரிய உறுப்பினர். இதுவே குடவோலை முறை என நாம் பாடத்தில் படித்தோம்.

இந்த முறையில் கட்சிக்கு வேலையே இல்லை என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். சிறுவனின் கை எந்த ஓலையைத் தொடும் என்று யாருக்குத் தெரியும்? ஆதரவு திரட்டுவதால் பயன் இல்லை. ஆனால் தலைகளை எண்ணி முடிவு செய்யும் முறை வந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. பத்துப் பேர் தனித்தனியே நின்றால் தோற்பார்கள். ஒன்று சேர்ந்து நின்றால் வெல்லக்கூடும். எண்ணிக்கை எங்கே நுழைகிறதோ அங்கே கட்சியும் பின்னாலேயே நுழைந்துவிடுகிறது.

அமெரிக்கா கற்ற பாடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1787 இல் எழுதப்பட்ட அந்நாட்டு அரசியலமைப்பில் கட்சி என்ற பேச்சே இல்லை. முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் எந்தக் கட்சியையும் சேராதவர். 1796 இல் பதவியை விட்டு விலகும் முன் மக்களுக்கு எழுதிய பிரியாவிடை உரையில், கட்சி உணர்ச்சி நாட்டைப் பிளந்துவிடும் என்று அவர் எச்சரித்தார்.

ஆனால் அவருடைய அமைச்சரவைக்குள்ளேயே இரண்டு கட்சிகள் முளைத்துவிட்டன. நிதிப் பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன், தேசிய வங்கியும் வலிமையான மத்திய அரசும் வேண்டும் என்றார். வெளியுறவைக் கவனித்த தாமஸ் ஜெபர்சன், மாநிலங்களின் உரிமையும் உழவர்களின் நலனுமே பெரிது என்றார். ஆளுக்கொரு பத்திரிகை துணை நின்றது. 1800 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஜான் ஆடம்ஸ் தோற்றார், ஜெபர்சன் வென்றார். தோற்றவர் படை திரட்டவில்லை. பதவியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். கட்சிகள் சண்டையிட்டாலும் நாடு உடையாது என்பதை உலகம் அன்று கண்டது.

மனு எழுதிய சங்கங்கள்

இனி நம் மாகாணத்துக்கு வருவோம். சென்னையில் 1852 இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் ‘சென்னை சுதேசிகள் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். நிலவரி வசூலிக்கும்போது உழவர்கள் சித்திரவதை செய்யப்படுவதை இச்சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனுவாக எழுதியது. அதன் பயனாக விசாரணைக் குழு அமைந்தது. 1855 இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, கொடுமை உண்மையே என ஒப்புக்கொண்டது. அந்நாளில் யாருக்கும் வாக்குரிமை இல்லை. ஆகவே சங்கத்தின் ஆயுதம் மனு மட்டுமே.

1884 இல் சென்னை மகாஜன சபை தோன்றியது. வீரராகவாச்சாரியார், ஜி. சுப்பிரமணிய ஐயர், ஆனந்தாச்சார்லு ஆகியோர் அதை நிறுவினர். மறு ஆண்டு, 1885 டிசம்பரில், பம்பாயில் 72 பிரதிநிதிகள் கூடி இந்திய தேசிய காங்கிரசைத் தொடங்கினார்கள். அந்த முதல் மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் சுப்பிரமணிய ஐயரே. 1887 இல் மூன்றாம் மாநாடு சென்னையில் நடந்தது. அப்போது காங்கிரஸ் என்றால் என்ன என்பதைப் பாமரருக்கு விளக்க, வீரராகவாச்சாரியார் தமிழில் ஒரு வினா விடைப் புத்தகம் எழுதினார். ஞானோபதேச வகுப்பில் வினா விடை படித்து வளர்ந்த எங்களுக்கு, அரசியலும் அவ்வழியே மக்களிடம் சென்றது என்பது வியப்பாக இருந்தது.

அதே காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களும் தமக்கெனச் சபைகள் கண்டனர். 1891 இல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையையும், அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையையும் தொடங்கினர். சீனிவாசன் 1893 இல் ‘பறையன்’ என்ற இதழையும், பண்டிதர் 1907 இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற இதழையும் நடத்தத் தொடங்கினர். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே தலைநிமிர்ந்து இதழுக்குச் சூட்டிய துணிவை என்னென்பது!

பத்திரிகையின் பெயரே கட்சியின் பெயர்

1916 ஆம் ஆண்டு சென்னையில் இரண்டு குரல்கள் எழுந்தன. அன்னி பெசன்ட் அம்மையார் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கி, இந்தியருக்குத் தன்னாட்சி வேண்டும் என்றார். ஆட்சி வந்தால் அது யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை வேறு சிலர் எழுப்பினர். 1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் எத்திராஜ முதலியார் இல்லத்தில் பிராமணரல்லாத தலைவர்கள் கூடினர். பிட்டி தியாகராயச் செட்டியார், டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் நடேச முதலியார் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் இவ்வாறு பிறந்தது.

அவர்கள் வெறும் கோபத்தால் கூடவில்லை. கையில் கணக்கு வைத்திருந்தார்கள். 1892 முதல் 1904 வரை சென்னை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர். மக்கள்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. கல்வியும் பதவியும் ஒரு பக்கமே குவிந்திருப்பதை எடுத்துக்காட்டி, டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிறகு ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’, தமிழில் ‘திராவிடன்’, தெலுங்கில் ‘ஆந்திர பிரகாசிகா’ என மூன்று மொழிகளில் இதழ்கள் நடத்தினார்கள். சங்கத்தின் நீண்ட பெயரை மக்கள் மறந்து, பத்திரிகையின் பெயரையே கட்சிக்கு வைத்து ‘ஜஸ்டிஸ் கட்சி’ என்றார்கள். அதுவே தமிழில் நீதிக்கட்சி ஆயிற்று.

வாக்குச் சீட்டு வந்தது

1919 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இரட்டையாட்சியைக் கொண்டுவந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் இந்திய அமைச்சர்களுக்கு. காவல், நிதி, நிலவரி போன்ற முக்கியத் துறைகளோ ஆளுநர் கையில்! 1920 நவம்பரில் முதல் தேர்தல் நடந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய 4 கோடி மக்கள் இருந்தனர். சொத்தும் வரியும் தகுதியாக வைக்கப்பட்டதால் சுமார் 12 லட்சத்து 50 ஆயிரம் பேருக்கே வாக்குரிமை. அவர்களிலும் நால்வரில் ஒருவரே வாக்களித்தார்.

ஒத்துழையாமை இயக்கத்தை முன்னிட்டுக் காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் நீதிக்கட்சி 63 இடங்களைப் பிடித்தது. தியாகராயர் முதன்மை அமைச்சர் பதவியை ஏற்க மறுத்துவிட்டார். ஆகவே கடலூரைச் சேர்ந்த சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியை ஏற்றார். 1921 இல் அவருக்குப் பின் பனகல் அரசர் வந்தார். எல்லா வகுப்பாருக்கும் அரசு வேலையில் பங்கு தரும் வகுப்புவாரி ஆணைகளும், கோயில் சொத்துகளைக் கண்காணிக்கும் இந்து அறநிலையச் சட்டமும் அக்கட்சியின் ஆட்சியில் வந்தவை.

கட்சிக்குள் கட்சி

இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு பெரிய பாடத்தைச் சொல்கிறது. பங்கு கேட்டுப் பிறந்த கட்சியிடமே பங்கு கேட்கும் குரல்கள் எழுந்தன. ஒடுக்கப்பட்டோரின் தலைவரான எம்.சி. ராஜா, தம் மக்களுக்கு நீதிக்கட்சியில் உரிய இடம் இல்லை என்று 1923 இல் விலகினார். அதே ஆண்டு சி.ஆர். ரெட்டி, பனகல் அரசரின் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது. ஆனால் ஆட்சியாளரை எழுந்து நின்று கேள்வி கேட்கும் வழக்கம் வென்றது.

காங்கிரசிலும் இதே கதைதான். 1907 இல் சூரத்தில் மிதவாதிகள், தீவிரவாதிகள் எனக் காங்கிரஸ் பிளந்தது. வ.உ. சிதம்பரனாரும் பாரதியாரும் அம்மாநாட்டுக்குச் சென்றிருந்தார்கள். பின்னர் 1923 இல், சட்டசபைக்குள் சென்றே போராட வேண்டும் என்றவர்கள் சுயராஜ்யக் கட்சியைக் கண்டனர். சென்னையில் சீனிவாச ஐயங்காரும் சத்தியமூர்த்தியும் அதை வளர்த்தனர். சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்களைச் சாதி பிரித்து உண்ணவைத்ததை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி மூண்டது. 1925 இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காததால் ஈ.வெ. ராமசாமி காங்கிரசை விட்டு வெளியேறினார். குழந்தைகள் சாப்பிட உட்கார்ந்த பந்தி ஒரு பெரிய இயக்கத்துக்கு வித்தாயிற்று. சிறியது என்று எதையும் தள்ளிவிடக் கூடாது என இதனால் தெரிகிறது.

1937 தேர்தலில் வாக்குப்பெட்டிகளுக்கு நிறம் இருந்தது. காங்கிரசின் மஞ்சள் பெட்டிக்கு வாக்குகள் குவிந்தன. 215 இடங்களில் 159 இடங்கள் அதற்கே. நீதிக்கட்சித் தலைவர் பொப்பிலி அரசரே வி.வி. கிரியிடம் தோற்றார். அமெரிக்காவில் 1800 இல் நடந்தது போலவே இங்கும் அதிகாரம் சண்டையின்றிக் கைமாறியது. தோற்ற கட்சி அழிந்துவிடவும் இல்லை. 1938 இல் பெரியாரைத் தலைவராக ஏற்று, 1944 இல் சேலத்தில் திராவிடர் கழகமாக மாறியது. 1949 இல் அதிலிருந்து அறிஞர் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைக் கண்டார்.

பெண்களும் வாக்கும்

தோழியரே, இத்தனைக்கும் நடுவில் நம் இனம் எங்கே இருந்தது? 1920 தேர்தலில் பெண்களுக்கு வாக்கில்லை. 1921 இல் சென்னைச் சட்டசபை, இந்திய மாகாணங்களுக்கெல்லாம் முதலாவதாக, பெண்களுக்கும் வாக்குரிமை உண்டு எனத் தீர்மானித்தது. எனினும் சொத்துத் தகுதி இருந்ததால் மிகச் சிலரே பயன் பெற்றனர். 1926 தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா சிறு வாக்கு வேறுபாட்டில் தோற்றார். 1927 இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகி, சபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே அவர் குரல் கொடுத்தார். 1938 இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ. ராமசாமிக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தைச் சூட்டியது.

எல்லாப் பெண்களுக்கும் வாக்கு என்பது 1950 இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு தந்த கொடை. அன்று வயது வரம்பு 21. 61 ஆவது திருத்தத்தின் பயனாக 1989 முதல் அது 18 ஆயிற்று. இன்னும் மூன்று ஆண்டுகளில் எங்கள் வகுப்பு முழுவதும் வாக்காளர்கள்!

நம் பக்கத்து ஊர்களில்

1952 இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது எங்கள் ஊர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 2007 முதல் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து அந்தப் பெட்டியில் சீட்டைப் போடலாம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள். என் பாட்டியின் தாயார் களை பறிப்பதை விட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு போய் வாக்களித்தாராம். “பண்ணையாருக்கும் ஒரு சீட்டு, எனக்கும் ஒரு சீட்டு” என்று சாகும் வரை சொல்லிச் சொல்லி மகிழ்வாராம். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அத்தேர்தலில் எங்களுக்கு வடக்கே தென்னார்க்காட்டில் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி வளர்ந்தது. வடார்க்காடு, செங்கற்பட்டுப் பகுதியில் மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி எழுந்தது. உழவர் பெருங்குடியினராகிய வன்னிய மக்கள், தமக்கு உரிய இடம் பெரிய கட்சிகளில் கிடைக்கவில்லை என்று கண்டவை அவை. முதற் கட்சிக்கு 19 இடங்கள், இரண்டாவதற்கு 6. மொத்தம் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றதோ 152 மட்டுமே. பெரும்பான்மை இல்லாத ராஜாஜிக்கு இச்சிறு கட்சிகளின் ஆதரவு தேவைப்பட்டது. நாயகர் 1952 இலும், படையாட்சியார் 1954 இல் காமராஜர் ஆட்சியிலும் அமைச்சரானார்கள். பின்னர் இரு கட்சிகளும் காங்கிரசில் கலந்துவிட்டன. கட்சியை மக்கள் நம்பிக் கட்டுகிறார்கள், தலைவர்கள் கலைக்கிறார்கள். இது சரியா என்று பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இன்னொரு செய்தி. நம் அரசியலமைப்பிலும் முதலில் கட்சிகளுக்கென்று விதி ஏதும் எழுதப்படவில்லை. உறுப்பினர்கள் கட்சி தாவுவதைத் தடுக்க 1985 இல் வந்த 52 ஆவது திருத்தமே அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வாசலில் நின்ற கட்சி, தவறு செய்தபோதுதான் வீட்டுக் கணக்கில் ஏறியது!

முடிவுரை

இவ்வளவும் படித்த பிறகு எங்கள் வகுப்புச் சண்டையை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கட்சியும் ஏதோ ஒரு குறையிலிருந்து பிறந்திருக்கிறது. அப்படியானால் விடுதித் தோழியருக்கும் ஏதேனும் குறை இருக்குமோ? வெட்கத்தை விட்டு என் தோழியிடமே போய்க் கேட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “மதிய உணவு வேளையில்தான் நூலகப் புத்தகம் தருகிறார்கள். நாங்கள் அப்போது விடுதிக்குச் சாப்பிடப் போய்விடுகிறோம். திரும்பி வருவதற்குள் நல்ல புத்தகமெல்லாம் உங்கள் கையில். எங்களில் ஒருத்தி தலைவியானால் இதைக் கேட்பாள் என்று நினைத்தோம்.”

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆண்டு முழுவதும் நான் ஆசையோடு எடுத்துப் படித்த புத்தகங்கள் அவளுக்குக் கிடைக்காதவை என்பதை ஒரு நாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்களிடம் காரணம் இருந்தது. அதை அவர்கள் வெளியே சொல்லவில்லை. எங்களிடம் எண்ணிக்கை இருந்தது. காரணம் எதுவும் இல்லை. இருவரும் சேர்ந்து சிஸ்டரிடம் சென்று சொன்னோம். இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எல்லாருக்கும் புத்தகம் கிடைக்கிறது.

ஆகவே என் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். குறையை மூடி வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது ‘கட்சி கட்டுதல்’. அதே குறையை எழுதி, கணக்கோடு எடுத்துச் சொல்லி, மாற்றாரையும் கேட்கவைத்து, தோற்றால் ஒப்புக்கொண்டு மறுமுறை வருவது ‘அரசியல் கட்சி’. முன்னது ஊரைப் பிளக்கும். பின்னது, ஒழுங்காக நடந்தால், ஊரைத் திருத்தும். வென்றவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் ஏன் பிரிந்து நின்றார்கள் என்று போய்க் கேட்பது வென்றவர்களின் கடமை.

என் தோழி மீண்டும் என் பக்கத்திலேயே அமர்கிறாள். அடுத்த தேர்தலில் அவளே நிற்கப் போவதாகச் சொல்கிறாள். என் வாக்கு யாருக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன். அது இரகசிய வாக்கெடுப்பு அல்லவா?